வழியும் பதியும்

திருச்சிற்றம்பலம்

பதி என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் தந்து நிற்கும். ஊர் என்பது ஒன்று. தலைவன் என்பது மற்றொன்று. சைவசித்தாந்த நூல்கள் முப்பொருள் கூறுமிடத்து இறைவனைப் பதி என்றே வழங்கும். தலயாத்திரை மேற்கொண்டு செல்லும் அன்பர் ஒருவரை, எப்பதிக்குச் செல்கின்றீர் என்று வினவின், அவர் திருக்கேதாரம் என்றோ திருவண்ணாமலை என்றோ விடை கூறுவர். அவ்விடை ஊரின் பெயராதலோடு ஆண்டு எழுந்தருளிய பெருமானையும் குறித்து நிற்றலின், வழிநடப்பார்க்கு ஊரும் இறைவனும் ஒரு சொல்லிலேயே அடங்கிவிடுகின்றன. அச்சொல்லில் அடங்காது எஞ்சி நிற்பது இடையிலுள்ள வழி ஒன்றே.

மலையும் காடும் ஆறும் சோலையுமாய்க் கண்ணுக்கு இனிமை பயந்து கிடக்கும் அவ்வழியை யாதென்று கொள்வது? அதனால் வரும் இன்பம் உயிரைக் கட்டும் பாசமோ? அன்றி, உயிரைப் பதிபால் உய்க்கும் அருளோ? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இஃது ஏட்டளவில் நிகழ்ந்து ஒழியும் ஆராய்ச்சி அன்று. இக்காலத்து யாத்திரை செல்வோர் இவ்வினாவுக்குத் தம் செயலாலேயே இருவேறு விடை கூறி வருகின்றனர்.

ஒரு சாரார் கூறுவது இது: யாத்திரையின் பயன் தரிசனம். தரிசனம் முடிவில் உள்ளது. முடிவை விரைவில் எய்துவிப்பதே நல்ல வழியாம். இடையிற் காணும் அருவியும் பனிமலையும் ஐம்புலனுக்கு விருந்தாவன அன்றி ஆன்மாவுக்கு ஆவன அல்ல. புலனை அடக்க வேண்டியவன் புலனுக்கு விருந்திடும் இடத்தே தாழ்த்து நிற்றல் தகாது. ஆதலின் ஊர்தி செல்லுமிடமெல்லாம் ஊர்தியிற் சென்று, தொழுது, மீள்வதே முறை.

மற்றொரு சாரார் கூறுவது இது: இயற்கையே இறைவன். மலைமுகட்டில் நின்று ஞாயிறு எழக் காணுங்கால் உண்டாகும் உருக்கம் கருவறையின் முன் எமக்கு உண்டாவதில்லை. உருக்கம் எங்குண்டோ அங்கன்றோ இறைவன் உளன்? ஆகவே வழியே எமக்குப் பதி. அதற்கப்பால் வேறொரு பதி வேண்டா.

இவ்விரண்டனுள் முன்னையது நெடுநாள் வழிபட்டு வந்த அன்பர் வாயினின்றும், பின்னையது கற்ற இளைஞர் வாயினின்றும் வரக் கேட்கின்றோம். முன்னையவர் கோயிலை விடார். ஆயினும் இறைவன் படைத்த உலகைக் குப்பையென்று தள்ளுகின்றனர். பின்னையவர் உலகை விடார். ஆயினும் கோயில் வாயிலின் புறத்தே நின்று மீள்கின்றனர். இவ்விருவர்க்கும் நாம் கூறும் விடை செம்மையாக இல்லையேல் இருவரையும் இழப்போம். ஆகலின் நம் சித்தாந்தம் இதற்கு யாது கூறும் என்பதை ஊன்றி நோக்குவோமாக.

முதற்கண் வழியும் வழியிலுள்ள காட்சியும் எப்பொருளின்பாற் படும் என்று காண்பாம். உயிர்கட்கு இறைவன் கூட்டித் தருவன தனு, கரணம், புவனம், போகம் என நான்கு. உடம்பு தனு, அறிதற்கும் செய்தற்கும் உதவும் கருவிகள் கரணம், உறையும் உலகம் புவனம், நுகர்ச்சி போகம். மலையும் ஆறும் புவனத்துள் அடங்கும். அவற்றைக் கண்டு மகிழ்தல் போகத்துள் அடங்கும். இந்நான்கிற்கும் முதற்காரணம் மாயை.

மாயை என்றவுடன் பொய்த்தோற்றம் என்று கொள்வாரும் உளர். அஃது ஏகான்மவாதிகள் கோள். நம் ஆசிரியர்கள் மாயையை உள்பொருள் என்றே நாட்டினர். இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதமே சித்தாந்தத்தின் அடிப்படை. ஆதலின் நம் கண்முன் நிற்கும் மலை மெய்யாகவே நிற்கின்றது. அதன் அழகும் மெய்யே. ஆயினும் மாயை சடம். தன்னைத் தான் அறியாது, பிறிதையும் அறியாது.

இம்மாயையின் பயனை உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஓர் உவமையால் விளக்கியருளினார். ஆணவமலத்தின் மறைப்பு இரவு. திருவருள் விளக்கம் விடியல். அவ்விடியல் வருமளவும் உயிர்க்கு உதவும் விளக்கே மாயை என்பது அவர் கருத்து. இவ்வுவமையைக் கைக்கொண்டு நோக்கின், மேற்கூறிய இரு சாராரும் தவறும் இடம் தெற்றென விளங்கும். ஞாயிறு வேண்டுமெனக் கூறி இரவிலேயே விளக்கை அவிப்பவன் ஒருவன். விளக்கே ஞாயிறு எனக் கூறிக் கதவைச் சாத்திக்கொள்பவன் மற்றொருவன். இருவரும் விடியலைக் காணார்.

இனி, முதற்சாரார் கூற்றை ஆராய்வாம். வழியில் உள்ள இன்பம் இறைவனுக்கு வேறாய இடையூறு என்பது அவர் துணிபு. இதற்கு மாறாகத் திருத்தொண்டர் புராணம் கூறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. திருநாவுக்கரசு சுவாமிகள் திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லுங்கால் வழிநடந்த இளைப்பாலும் பசி தாகத்தாலும் வருந்தினார். ஆயினும் சித்தம் அலையாது சென்றார். அப்பொழுது இறைவன் அவர் செல்லும் வழியிலே ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, அந்தண வடிவம் கொண்டு, பொதிசோறு வைத்துக் காத்திருந்தனன். சோறளித்து, நீர் பருகச்செய்து, தானும் அவ்வூர்க்கே செல்வதாகக் கூறி உடன் நடந்து, ஊர் அணித்தாக வருங்கால் மறைந்தருளினன். சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கும் திருக்குருகாவூர் வழியில் இத்தகைய உபகாரம் நிகழ்ந்தது. ஆண்டு இறைவன் பந்தரிட்டு, உடன் வந்த தொண்டர்க்கும் அமுதூட்டி, அவர்கள் கண்வளர்ந்த பொழுதில் பந்தரோடும் மறைந்தனன்.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? நிழலும் நீரும் சோலையும் வழிநடப்பார்க்கு இறைவன் தானே அமைத்துக் கொடுக்கும் பொருள்கள். அவற்றைப் புலனுக்கு விருந்தென்று இகழ்ந்து அடிகள் கடந்து போயிருப்பின், இறைவன் ஏந்திய சோற்றையன்றோ இகழ்ந்தவராவார்? இனி, இச்சோலை இனிது என்று ஆண்டே தங்கியிருப்பின், உடன் நடக்க எழுந்த அந்தணரை இழந்திருப்பார், பைஞ்ஞீலியையும் கண்டிரார். அடிகள் இரண்டும் செய்திலர். உண்டார், பருகினார், எழுந்து நடந்தார். நிழலை ஏற்றலும் நிழலினின்று எழுதலும் ஆகிய இரண்டும் கூடியதே வழிநடையின் இலக்கணம் என்க.

அற்றேல், திருமுறைகளில் வரும் இயற்கை வருணனை வெறும் புலவர் மரபு அன்றோ எனின், அன்று. திருஞானசம்பந்த சுவாமிகள் அருளிய பதிகங்கள் பலவற்றிலும் பாட்டின் ஒரு பாதி இறைவன் புகழாகவும், மற்றொரு பாதி அவன் உறையும் ஊரின் வயலும் பொழிலும் திரையும் வண்டுமாகவும் அமைந்திருத்தலை ஓதுவார் அனைவரும் அறிவர். தலம் என்பது கருவறையளவில் நின்றுவிடுவதன்று. அதனைச் சூழ்ந்த நீரும் நிலமும் மரமும் உட்பட்டதே தலம் என்பது சுவாமிகள் திருவுள்ளமாதல் இதனாற் பெறப்படும். வழியைக் கண்மூடிக் கடந்து வந்து வாயிலிற் கண்திறப்பார்க்கு அப்பதிகத்தின் ஒரு பாதி விளங்காதொழியும்.

இனி, இரண்டாஞ் சாரார் கூற்றை ஆராய்வாம். இயற்கையே இறைவன் என்பார்க்குத் திருக்கேதார வழியையே எடுத்துக்காட்டுகின்றோம். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடியருளிய அத்தலம் கடல்மட்டத்தினின்றும் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில், மந்தாகினி ஆறு தோன்றும் பனிமலைச் சாரலில் உள்ளது. ஆண்டிற் பாதி பனி மூடிக் கிடக்கும். கௌரிகுண்டத்தினின்றும் மேலேறும் அதன் நடைவழி கண்டாரை வியப்பிக்கும் அழகுடையது. ஒரு மருங்கு வானளாவிய மலை, ஒரு மருங்கு ஆழத்தில் ஒலித்தோடும் ஆறு. 2013-ஆம் ஆண்டு ஜூன் 16, 17 ஆகிய நாட்களில் அவ்வாறே கூற்றாயிற்று. பெருமழையோடு, கோயிற்கு மேலே இருந்த சோராபாரி என்னும் ஏரியும் உடைந்து, வெள்ளமும் பாறையும் ஒருங்கு வந்து வீழ்ந்தன. ராம்பாடா என்னும் வழித்தங்கலிடம் அடியோடு அழிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கோயில் அழியாது நின்றது. பழைய வழி சிதைந்தமையின் ஆற்றின் மறுகரையிற் புதுவழி வகுத்தனர். 14 கிலோமீட்டராயிருந்த நடை ஏறத்தாழ 16 கிலோமீட்டராயிற்று.

அங்கு மாண்டாரை அவர் வினை என்று கூறி வாளா கழிதல் சைவர்க்கு அழகன்று. நாம் கூறவந்தது வேறு. முந்தின நாள் அம்மலையைக் கண்டு உருகினவர்க்கு மறுநாள் அம்மலை இரங்கிற்றில்லை. இரங்காமை அதன் குற்றமும் அன்று; சடப்பொருள் இரங்குமாறு யாங்ஙனம்? வெள்ளத்தில் அழுந்தினாரைக் கைகொடுத்து ஏற்றியவர் உள்ளத்திருந்த இரக்கம் மந்தாகினியின்கண் இல்லை. இறைவன் பேரருளுடையன் என்பது எல்லாச் சைவர்க்கும் ஒப்ப முடிந்தது. அருள் இல்லாததொன்றை இறைவன் என்று கொள்வார், அதன் அழகு மாறும்பொழுது எதனைப் பற்றி நிற்பர்? ஆதலின் இயற்கை இறைவனது உடைமையும், அவன் நிறைந்து நிற்கும் இடமும் ஆமேயன்றி அவனே ஆகாது.

இன்னும், உருக்கம் எங்குண்டோ அங்கே இறைவன் உளன் என்பதையும் நோக்குவாம். காளத்தி மலைச்சாரலில் ஒருநாள் வேடர் மூவர் ஒரு பன்றியைத் துரத்திச் சென்றனர். திண்ணனார் ஒருவர்; நாணனும் காடனும் மற்றையோர். மூவரும் ஓடியது ஒரே காடு. கண்டது ஒரே பொன்முகலி ஆறு. எதிரே நின்றது ஒரே மலை. காடன் தீக்கடையும் பொருட்டு ஆற்றங்கரையிலே நின்றுவிட்டான். நாணன் முன்னரும் அம்மலைக்கு வந்தவன். ஆண்டுக் குடுமித்தேவர் இருப்பதும் அறிவான். பூசை நிகழ்ந்ததும் கண்டவன். திண்ணனார் ஒருவர்க்கே, மலையை நோக்கி நடக்க நடக்கத் தம்மேலிருந்த பாரம் குறைவது போலத் தோன்றிற்று. அன்பு மேன்மேற் பெருகிற்று. காடும் மலையும் தாமே உருக்குவனவாயின் மூவரையும் உருக்கியிருத்தல் வேண்டும். உருக்கியதில்லை. ஆதலின் உருக்கத்திற்குக் காரணம் காட்சி அன்று. காட்சியின்கண் நின்று காட்டியவன் ஒருவன் உளன்.

இதனையே சிவஞானபோதம் பதினோராம் சூத்திரம் நிலைநாட்டுகின்றது. கண் தானே காணமாட்டாது; உயிர் உடனின்று செலுத்தவே காணும். அவ்வாறே உயிரும் தானே அறியமாட்டாது. இறைவன் உடனின்று அறிவிக்கவே அறியும் என்பது அதன் கருத்து. மலைமுகட்டில் நின்று ஞாயிறு எழக் கண்டு கண்ணீர் வடிக்கும் இளைஞன் பொய்யாக வடிக்கின்றானில்லை. அக்கண்ணீரை நாம் இகழோம். அவனை நாம் வினவுவது ஒன்றே: அப்பா, நின் கண்ணுக்குப் பொருளைக் காட்டியது ஞாயிறு, நினக்கு அக்காட்சியைக் காட்டியவன் யாவன்? இவ்வினா அவன் உள்ளத்தெழுமாயின், அவன் நிற்கும் மலைமுகடே கோயிற்குச் செல்லும் வழியாய்விடும். எழாதாயின், அவன் அடுத்த ஆண்டு வேறொரு மலைக்குச் செல்வான். அதன்பின் மற்றொன்றிற்குச் செல்வான். காட்சிகள் பெருகும், காண்பானோ முன்னிருந்தவாறே இருப்பான்.

இவ்விடத்து நாம் கொண்ட கருத்தைத் தொகுத்துக் கூறுவாம். காட்டியவனை மறந்து நுகரும் காட்சி பாசமாய்க் கட்டும். காட்டியவனை நினைந்து ஏற்கும் காட்சி அருளாய் உய்க்கும். வேறுபாடு மலையினிடத்தும் இல்லை, ஆற்றினிடத்தும் இல்லை. நன்றியறிதல் உண்மையினும் இன்மையினும் உள்ளது.

இதற்குத் தலையாய சான்று அப்பர் சுவாமிகளின் கயிலை யாத்திரை. சுவாமிகள் காளத்தியில் வழிபட்டு நின்றபொழுது வடகயிலையைக் காணும் வேட்கை எழுந்தது. சீபருப்பதம் தொழுது, பல நாடுகளைக் கடந்து, காசியை அடைந்து, உடன் வந்தாரை ஆண்டே விடுத்துத் தனியே வடக்கு நோக்கிச் சென்றார். இரவும் பகலும் நடந்தார். பாதம் தேய்ந்தபின் கையால் தாவிச் சென்றார். கையும் கரைந்தபின் மார்பால் உந்தினார். மார்பும் நைந்தபின் புரண்டார். புரளவும் இயலாதாயபொழுது முனிவர் ஒருவர் எதிர்ப்பட்டு, கயிலை மானிடர் சென்று எய்தும் இடமன்று, மீளும் என்றார். ஆளுடைய நாயகன் கயிலையிருக்கை கண்டல்லது மீளேன் என்று சுவாமிகள் உறுதி கூறினார். பின்னர் இறைவன் அவர் உடம்பை முன்போலாக்கி, அருகிருந்த தடத்தில் மூழ்கித் திருவையாற்றிற் காண்க எனப் பணித்தருளினன். மூழ்கினவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார்.

எழுந்தவர் முதலிற் கண்டது யாது? நிற்பனவும் இயங்குவனவுமாகிய உயிர்களெல்லாம் தத்தம் துணையோடு சத்தியும் சிவமுமாய்ப் பொலியக் கண்டார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். அப்பொழுது சுவாமிகள் அருளிய திருவையாற்றுப் பதிகத்தில் பதினொரு பாட்டு உள்ளன. களிறும் பிடியும், கோழியும் பெடையும், குயிலும், மயிலும், அன்றிலும், பன்றியும், மானும், நாரையும், கிளியும், ஏறும் இணைந்து வருதலையே பாட்டுத்தோறும் கூறி, முன்பு கண்டறியாத காட்சியைக் கண்டதாகச் சுவாமிகளே வியக்கின்றார்.

ஈண்டு நின்று சிந்தித்தல் வேண்டும். யானையையும் மயிலையும் சுவாமிகள் முன்பு கண்டிலரோ? காசிக்கு வடக்கே காடும் மலையும் கடந்து வந்தவர் அவர். களிறும் பிடியும் அவர் வழியிலே எத்துணையோ நின்றிருக்கும். சோழநாட்டு வயல்வரப்பில் நாரையும் கிளியும் நாள்தோறும் கண்டவர் அன்றோ? வழியெல்லாம் கண்டவற்றையே முடிவிலும் கண்டார். ஆயின் வழியிற் கண்டபொழுது அவை விலங்கும் பறவையுமாய் நின்றன. முடிவிற் கண்டபொழுது சத்தியும் சிவமுமாய் நின்றன. இடையில் நிகழ்ந்தது அருள்.

இவ்வரலாறு இரு சாரார்க்கும் ஒருங்கே விடை கூறுகின்றது. வழிக்காட்சி இழிந்தது என்பாரை நோக்கி, கயிலைக் காட்சியாகச் சுவாமிகட்குத் தரப்பட்டது அவ்வழிக்காட்சியே என்று கூறுகின்றது. வழிக்காட்சியே போதும் என்பாரை நோக்கி, உடம்பு தேய்ந்து, என் செயலால் ஆவதில்லை என்னும் நிலை வருமளவும் அக்காட்சி தன் உண்மையைச் சுவாமிகட்கே காட்டிற்றில்லை என்று கூறுகின்றது.

அற்றேல், திருவையாற்றிலேயே கயிலை உண்டாயின் இத்துணைத் தொலைவு நடந்தது வீணன்றோ எனின், கூறுதும். திருவையாற்றுக்கும் கயிலைக்கும் இடையே நேர்கோட்டளவிலேயே 2,000 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. அவ்வழியைச் சுவாமிகள் நடவாதிருப்பின் கால் தேய்ந்திராது. கால் தேயாதிருப்பின் யான் செல்கின்றேன் என்னும் முனைப்பும் தேய்ந்திராது. வழி இறைவனை அருகிற் கொணர்ந்ததில்லை. அவன் என்றும் அருகிலுள்ளான். வழி தேய்த்தது நடந்தவரது தற்போதத்தை. யாத்திரை சரியையின்பாற் படுதலும், அப்பர் சுவாமிகளைத் தாசமார்க்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் பெரியோர் கொண்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கன. சரியை முதலிய நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்று தாயுமான சுவாமிகள் உவமித்தார். கனியைக் கண்டபின் அரும்பு வீண் என்பார் யார்?

மேலும் ஒரு வினா எழும். நடத்தலே நெறியாயின், முதியோரும் நோயுற்றோரும் காலிழந்தோரும் என் செய்வர்? அவர்கள் பதியை எய்தாரோ? இவ்வினாவைக் கேட்பார் பலர் உண்மையில் வருந்திக் கேட்கின்றனர். ஆதலின் ஐயமற விடை கூறல் கடன். கயிலைக்குச் சென்ற அடியார் அனைவரும் ஒருவழியாற் சென்றிலர். காரைக்காலம்மையார் அம்மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றார். சுந்தரர் வெள்ளை யானைமீது எழுந்தருளினார். சேரமான் பெருமாள் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி அதன்மீது சென்றார். பெருமிழலைக் குறும்பரோ, ஓரடியும் எடுத்து வையாது, இருந்த இடத்திலிருந்தே யோகத்தால் அவர்க்கு முன்னரே சென்றடைந்தார். அப்பர் நடக்கத் தொடங்கிய அதே காளத்தியில், திருஞானசம்பந்தர் நின்றபடியே கயிலையையும் கேதாரத்தையும் பாடித் தொழுது மீண்டார். ஆதலின் காலால் நடத்தல் ஒருவகை. நெஞ்சால் நடத்தல் பிறிதொரு வகை. இயலாதவர் ஊர்தியிற் செல்லுதல் குற்றமன்று. இயன்றவர், வழி தமக்கு ஒரு தடை என்று கருதி விரைதலையே நாம் மறுக்கின்றோம்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றும் இதனை வற்புறுத்தும். இந்திய அரசின் ஏற்பாட்டில் 1981-ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த கயிலை யாத்திரை 2020-ஆம் ஆண்டு நின்றுபோய், 2025-ஆம் ஆண்டிலே மீளத் தொடங்கிற்று. செல்வோர் 5,600 மீட்டருக்கு மேற்பட்ட கணவாயைக் கடந்து, ஏறத்தாழ 52 கிலோமீட்டர் மலையை வலம்வருகின்றனர். எவரும் அம்மலைமீது ஏறுவதில்லை. வலம்வந்து மீள்வதே மரபு. வழி அடைபட்டிருந்த அவ்வாண்டுகளில் பதியும் அடைபட்டதோ? இல்லை. ஆடி அமாவாசைதோறும் திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா நிகழ்ந்துகொண்டேயிருக்கின்றது. ஒரு வழி மூடப்படினும் பதி மூடப்படாது என்பதற்கு அவ்விழாவே சான்று.

கயிலையை வலம்வருதல் கூறினமையின், வலம்வரும் வழியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். திருவண்ணாமலையைச் சூழ்ந்து கிடக்கும் வழி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. இந்திரன் முதல் ஈசானன் ஈறாகத் திக்குப்பாலகர் பெயரால் எட்டு இலிங்கங்கள் அவ்வழியில் உள்ளன. நிறைமதி நாளில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். மற்றை வழிகளெல்லாம் ஓரிடத்திற் தொடங்கி வேறோரிடத்தில் முடியும். இவ்வழியோ தொடங்கிய இடத்திலேயே முடிகின்றது. இவ்வழியால் எய்தும் பதி யாது?

மலையே பதி. நடப்பவன் அதனை அணுகுவதும் இல்லை, அகல்வதும் இல்லை. அஃது என்றும் அவன் வலப்பக்கத்தே நிற்கின்றது. ஒரு திருப்பத்தில் ஒரு முடியாகவும், மற்றொரு திருப்பத்தில் பல முடியாகவும், ஓரிடத்தில் மரத்தால் மறைந்தும், ஓரிடத்தில் வெளிப்பட்டும் தோன்றுகின்றது. மலை மாறவில்லை, நடப்பவன் நிற்குமிடம் மாறுகின்றது. பதி விகாரமின்றி நிற்க, பசு தன் பக்குவத்திற்கேற்ப அதனைப் பலவாறாகக் காண்கின்றது என்னும் சித்தாந்த உண்மையை 14 கிலோமீட்டர் வழி நம் காலுக்கே உணர்த்திவிடுகின்றது. பேசிக்கொண்டும் உண்டுகொண்டும் வலம்வருவார்க்கு அவ்வழி உடற்பயிற்சியாய் முடியும். மலையை நோக்கி நடப்பார்க்கு ஒவ்வோர் அடியும் தரிசனமாகும்.

இனி, இவ்வாராய்ச்சியால் நாம் செய்யக்கடவது யாது என்று முடிப்பாம். வழி இறைவன் தந்த விளக்காயின், அவ்விளக்கைத் துடைத்துப் பேணுதல் அடியார் கடனாகும். அப்பர் சுவாமிகள் திருக்கையில் ஏந்தியது உழவாரப்படை. கோயிலின் உள்ளே தொழுததோடு அமையாது, புறத்தே முளைத்த புல்லைச் செதுக்கி வழியைச் செம்மை செய்தது அத்திருக்கை. அச்சுவாமிகளைக் கண்ணாற் காணுமுன்னரே, திங்களூரில் அப்பூதியடிகள் அவர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தரும் சோலையும் குளமும் மடமும் அமைத்து வழிநடப்பார்க்கு நிழலும் நீரும் உதவினார். பைஞ்ஞீலி வழியில் இறைவன் செய்ததை அப்பூதியடிகள் திங்களூரிற் செய்தார். இறைவன் தொழிலில் அடியார் பங்கு கொள்ளத்தக்க இடம் ஒன்று உண்டாயின், அது வழியே என்று கூறலாம்.

இன்றைய நிலை யாது? கூட்டம் கூடும் நாள் கழிந்த மறுநாள் நம் மலைவழிகளிற் சென்று காண்பார்க்கு, பிளாஸ்டிக் புட்டிகளும் உணவு எச்சமும் ஆடையும் சிதறிக் கிடத்தல் புலனாகும். கருவறையில் ஓர் எச்சிலிலை கிடப்பின் நெஞ்சம் பதைக்கும் நாம், தலத்தின் ஒரு பாதியாகிய வழியில் அதனை நாமே எறிந்து செல்கின்றோம். வழி வேறு, பதி வேறு என்று பிரித்துவிட்ட பிழையே இச்செயலாய் விளைந்தது. ஆகவே திருமடங்கள் யாத்திரைக்குச் செல்லும் அன்பர்க்குத் தீக்கையும் திருமுறையும் அருளுவதோடு, வழியொழுக்கமும் கற்பித்தல் வேண்டும். மரம் நடுதல், நீர்நிலை காத்தல், நிழல் அமைத்தல், குப்பை களைதல் ஆகியவற்றைச் சரியைத் தொண்டாகவே கொள்ளுமாறு ஏவுதல் வேண்டும். மலையழகைத் தேடிவரும் இளைஞன் கையில் முதலிற் கொடுக்கத்தக்கது உழவாரம். தான் விரும்பும் மலைக்கு அவன் தொண்டு செய்யத் தொடங்கின், அம்மலைக்கு உரியவனைப் பற்றிய வினா நாளடைவில் அவனுள்ளே தானே எழும். அதற்கு விடை கூறும் கோயில் வாயில் திறந்தேயிருக்கும்.

வழியை வெறுத்து ஓடுவாரும் வழியிலே உறைந்துவிடுவாரும் ஆகாது, இறைவன் இட்ட நிழலில் இருந்து, அவன் தந்த நீர் பருகி, அவன் உடன் நடக்க நடந்து, பதியை அடைதலே நம் பெருமக்கள் காட்டிய நெறி. அந்நெறியிற் செல்லும் அடியார் திருவடிகள் வாழ்க.

திருச்சிற்றம்பலம்